பனி உடைத்துத் தந்த பழம்

புதிதாக வாங்கிய ப்ளூபெர்ரி ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். தோல் கருநீலமாக இருக்கும். உள்ளே சதை வெளிர்பச்சை. விரலில் சாயம் அவ்வளவாக ஒட்டாது. அதே பெட்டியிலிருந்து இன்னொரு பழத்தை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து, மறுநாள் எடுத்து, பனி விட்டபின் வெட்டுங்கள். சதைக்குள் ஊதா பரவியிருக்கும். தட்டில் சாறு வழிந்திருக்கும். பழம் தளர்ந்து, தொட்ட இடத்தில் அமுங்கும்.

பழத்தை அப்படியே வாயில் போட்டுத் தின்ன நினைப்பவருக்கு இது நட்டம். சாஸ் காய்ச்ச நினைப்பவருக்கோ பாதி வேலை முடிந்துவிட்டது. பழத்தின் செல்களை உடைத்து, உள்ளிருக்கும் சாறு, நிறம், புளிப்பு, மணம் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து, அவை தண்ணீராக ஓடாதபடி கொஞ்சம் கெட்டிப்படுத்துவதுதான் பழ சாஸ். அதில் உடைக்கும் வேலையைப் பனிக்கட்டி சூடே இல்லாமல் செய்து முடிக்கிறது. உறைந்த பழம் என்றால் புதிய பழம் கிடைக்காதபோது வாங்கும் மாற்று என்று பலர் நினைக்கிறோம். சாஸைப் பொறுத்தவரை அது மாற்று அல்ல, முதல் தேர்வு. ஏன் என்பதைப் பழத்தின் உள்ளே போய்ப் பார்ப்போம்.

மெய்ன் மாநிலத்துச் சிறு பழம்

உறைந்த பழத்துக்கென்றே விளைகிற பயிர் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலத்தில், குறிப்பாக வாஷிங்டன் கவுன்டியில், முழங்காலுக்கும் கீழே நிற்கும் காட்டு ப்ளூபெர்ரிச் செடிகள் வெளி வெளியாகப் படர்ந்து கிடக்கின்றன. தாவரவியலில் இதன் பெயர் வாக்ஸினியம் அங்கஸ்டிஃபோலியம். யாரும் நட்டு வளர்த்ததில்லை. பனியுகத்தின் பனிப்பாறைகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மணலும் சரளையுமான புளிப்பு மண்ணில், நிலத்தடித் தண்டுகள் மூலம் தானே பரவிய செடி இது. வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்பே பாஸமக்வாடி முதலான வபனாக்கி பழங்குடி மக்கள் இந்த வெளிகளைத் தீயிட்டுப் புதுப்பித்துப் பழம் பறித்துவந்தார்கள். இன்றும் ஓர் ஆண்டு செடியைத் தரையோடு வெட்டியோ எரித்தோ விடுகிறார்கள். மறு ஆண்டு அறுவடை. ஆகஸ்ட் மாதம் வந்தால் சீப்புப் பற்கள் வைத்த முறம் வடிவக் கருவியால் பழங்களை வாரி எடுப்பார்கள். பெரிய சமவெளிகளில் இயந்திரங்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

இந்தப் பழம் சிறியது, மெல்லிய தோல் கொண்டது, பெட்டியில் அடுக்கி நெடுந்தூரம் அனுப்பத் தாங்காது. எனவே விளைச்சலில் ஏறத்தாழ முழுவதும் உறையவைக்கப்படுகிறது. கடைகளில் புதிதாக விற்கும் பெரிய ப்ளூபெர்ரி வேறு கதை. ப்ளூபெர்ரிக்குப் புளிப்பு மண் வேண்டும் என்பதை ஃப்ரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளர் 1910-ல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். அதைப் படித்த எலிசபெத் ஒயிட், நியூஜெர்சியில் தம் குடும்பப் பண்ணையில் அவரோடு சேர்ந்து உயரமாக வளரும் வகைகளைத் தேர்ந்து வளர்த்தார். 1916-ல் அந்தப் பழம் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இந்தக் குடும்பத்துக்கு நம் பக்கத்திலும் சொந்தம் உண்டு: வாக்ஸினியம் லெஷனால்டி என்ற இனம் நீலகிரிச் சோலைகளிலும் இலங்கையின் உயர்ந்த மலைகளிலும் காடாக வளர்கிறது.

சாஸுக்குச் சிறிய பழம் ஏன் நல்லது? ப்ளூபெர்ரியின் நிறம் பெரும்பாலும் தோலில் இருக்கிறது. ஓர் உருண்டையின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே எடைப் பழத்தில் தோலின் பரப்பு இரண்டு மடங்காகிறது. ஒன்றரை சென்டிமீட்டர் பழம் 300 கிராமில் எவ்வளவு தோல் இருக்குமோ, முக்கால் சென்டிமீட்டர் பழம் 300 கிராமில் அதைப் போல் இரு மடங்கு தோல் இருக்கும். நிறத்தோடு, தோலுக்கே உரிய துவர்ப்பும் மணமும் கூடுதலாக வரும்.

பனிக்கட்டி செய்யும் வேலை

தண்ணீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுகிறது. பழத்தில் ஏறத்தாழ 85 சதவீதம் தண்ணீர். ஆனால் விரிவதால் மட்டும் செல் உடைவதில்லை. செல்களுக்கு வெளியே இருக்கும் நீரில்தான் பனிப்படிகம் முதலில் முளைக்கிறது. அது வளர வளர, பக்கத்துச் செல்களிலிருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது. அதன் சவ்வு கிழிகிறது. படிகத்தின் கூர்முனைகள் செல்சுவரைத் துளைக்கின்றன. பனி உருகியபின் அந்த நீர் பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடிவதில்லை. தட்டில் வழிந்திருந்த சாறு இதுதான்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பெரிய நீர்ப்பை ஒன்று இருக்கிறது. நிறமியும் அமிலமும் சர்க்கரையும் அதற்குள்தான் அடைபட்டிருக்கின்றன. அந்தப் பை கிழிந்ததும் தோலின் சாயம் சதைக்குள் இறங்குகிறது. வெட்டிப் பார்த்த பழத்தின் உள்ளே ஊதா பரவியதற்குக் காரணம் அதுவே.

எவ்வளவு வேகமாக உறைகிறதோ, படிகம் அவ்வளவு சிறிதாக இருக்கும். இதைத் தொழிலாக மாற்றியவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. 1912-ல் கனடாவின் லாப்ரடார் பகுதிக்குச் சென்ற அவர், கடுங்குளிர்க் காற்றில் இனூயிட் மக்கள் பிடித்த மீன் பிடித்த கணமே உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் புது மீனின் சுவை இருப்பதையும் கவனித்தார். அமெரிக்கா திரும்பி வேக உறையவைப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1930 மார்ச்சில் மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் அவருடைய உறைந்த மீன், இறைச்சி, காய்கறி, பழங்கள் விற்பனைக்கு வந்தன. இன்று பழங்களைத் துளையிட்ட பட்டையின் மேல் பரப்பி, கீழிருந்து கடுங்குளிர்க் காற்றை வேகமாக ஊதுகிறார்கள். ஒவ்வொரு பழமும் தனித்தனியாக மிதந்து, சில நிமிடங்களில் கல்லாகிறது. பாக்கெட்டில் பழங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிரியாக இருப்பது இதனால்தான். பாக்கெட் முழுவதும் ஒரே கட்டியாக இருந்தால், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள்; அதை வாங்க வேண்டாம்.

வீட்டு ஃப்ரீசர் மெதுவாகத்தான் உறையவைக்கும். படிகம் பெரிதாகும், பழம் அதிகம் தளரும். தின்பதற்கு அது குறை. சாஸுக்குக் குறையே இல்லை.

உருகவிடாமல் அடுப்புக்கு

ஒரு சிறு குடும்பத்துக்கான அளவு இது. உறைந்த ப்ளூபெர்ரி 300 கிராம், அதாவது இரண்டு கப். சர்க்கரை 50 கிராம், ஏறத்தாழ நான்கு மேசைக்கரண்டி. தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி, மாவு கரைக்க இன்னும் இரண்டு. கார்ன்ஃப்ளோர் என்று நாம் வாங்கும் வெள்ளைச் சோள மாவு இரண்டு தேக்கரண்டி. அரை எலுமிச்சம்பழத்தின் சாறு. உப்பு ஒரு சிட்டிகை. பாத்திரம் அடிகனமான எவர்சில்வராக இருக்கட்டும். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

பழத்தை வெளியே வைத்துப் பனி விடும்வரை காத்திருக்க வேண்டாம். செல் முழுதாக இருந்தவரை நிறமியும், அதை ஆக்சிஜனோடு சேர்த்துச் சிதைக்கும் நொதிகளும் தனித்தனி அறைகளில் இருந்தன. பனி அந்தத் தடுப்புகளை உடைத்துவிட்டது. ஃப்ரீசரின் குளிரில் நொதிகள் பெரும்பாலும் முடங்கிக் கிடக்கும். பழம் மேடையில் இரண்டு மணி நேரம் இளகிக்கொண்டிருந்தால், அவை விழித்து வேலையைத் தொடங்கி, நிறத்தைப் பழுப்பாக்கும். நேராக அடுப்புக்குப் போனால் அவற்றுக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. கொதிநிலையை நெருங்கும் சூடு அவற்றை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்கிறது.

பழம், சர்க்கரை, உப்பு, தண்ணீர் நான்கையும் பாத்திரத்தில் போட்டு மூடி, தீயைச் சிம்மில் வையுங்கள். அவசரம் கூடாது என்பதற்கு இயற்பியலில் ஒரு கணக்கு இருக்கிறது. பூஜ்யம் டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் பனிக்கட்டியை அதே பூஜ்யம் டிகிரித் தண்ணீராக மாற்ற 334 ஜூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிராம் தண்ணீரை 80 டிகிரிவரை சூடேற்றிவிடலாம். ஆக, முதல் சில நிமிடங்களில் அடுப்பு தரும் வெப்பமெல்லாம் உருக்குவதற்கே போகிறது. அந்த நேரத்தில் தீயைக் கூட்டினால் மேலே பழம் கல்லாகவே இருக்கும், அடியில் சர்க்கரை தீயும். மூடி வைத்தால் கிளம்பும் ஆவி உறைந்த பழத்தின் மேல் படிந்து நீராகி, தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுச் சொட்டும். மேலிருந்தும் கீழிருந்தும் பழம் இளகும்.

இதற்கிடையில் சர்க்கரையும் தன் பங்கைச் செய்கிறது. கிழிந்த செல்களிலிருந்து வரும் சாற்றில் அது கரைந்து அடர்ந்த பாகாகிறது. இன்னும் உடையாத செல்களிலிருந்து அந்தப் பாகு நீரை வெளியே இழுக்கிறது. ஐந்து நிமிடத்தில் மூடியைத் திறந்தால், நீங்கள் ஊற்றிய இரண்டு கரண்டித் தண்ணீரைவிடப் பல மடங்கு சாறு பாத்திரத்தில் நிற்கும்.

ஜாம் ஆகாமல் கெட்டிப்படுவது

தாவரச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது பெக்டின். செங்கற்களுக்கு இடையே இருக்கும் சாந்துதான் அது. 1825-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ இதைப் பிரித்தெடுத்து, பழச்சாறு கூழாக உறைவதற்கு இதுவே காரணம் என்று விளக்கினார். பழம் கொதிக்கும்போது இந்தச் சாந்து இளகிச் சாற்றில் கரைகிறது. பழம் குழைகிறது, சாறு சற்றே கனக்கிறது.

ஜாம் செய்பவர்கள் இந்தப் பெக்டின் இழைகளை ஒன்றோடொன்று பின்னவைத்து வலையாக்குகிறார்கள். அதற்குப் போதிய புளிப்பும், ஏறத்தாழ 65 சதவீதம் சர்க்கரையும் வேண்டும். அவ்வளவு சர்க்கரை நீரைப் பிடித்துக்கொண்டால்தான் பெக்டின் இழைகள் நீரை விட்டு ஒன்றையொன்று நெருங்கும். ஜாம் 104, 105 டிகிரிவரை காய்வதும் இந்த அடர்த்தியை எட்டத்தான். நம் சாஸில் பழத்தின் சர்க்கரையையும் சேர்த்தாலும் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டத்தான் வரும். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது ஜாமாக உறையாது; தண்ணீர் வற்றும்வரை காய்ச்சினால் கெட்டிப்படும், ஆனால் மணமும் நிறமும் போய்விடும். அதனால்தான் சோள மாவின் உதவி.

மாவைச் சூடான சாற்றில் நேரே தூவினால், வெளிப்பக்கத் துகள்கள் அந்தக் கணமே ஊதி ஒட்டிக்கொண்டு, உள்ளே இருக்கும் உலர்ந்த மாவைச் சுற்றிக் கட்டி தட்டும். முதலில் பச்சைத் தண்ணீர் இரண்டு கரண்டியில் கரைத்தால் துகள்கள் பிரிந்து மிதக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஒட்டாது. சாறு கொதிக்கும்போது இந்தக் கரைசலை ஊற்றிக் கிளறுங்கள். 60 டிகிரியைத் தாண்டியதும் துகள்கள் நீரைக் குடித்துப் பல மடங்கு ஊதும்; அவற்றிலிருந்து கசியும் நீண்ட ஸ்டார்ச் இழைகள் சாற்றில் பரவி அதன் ஓட்டத்தைத் தடுக்கும். வெண்மையாக மங்கியிருந்த சாறு தெளிந்து பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் மாவு வெந்ததற்கு அடையாளம். அதன்பின் ஒரு நிமிடம் கொதித்தால் பச்சை வாசனை போய்விடும். உடனே அடுப்பை அணையுங்கள். நெடுநேரம் கொதிக்கவிட்டாலும் வேகமாகக் கிண்டினாலும் ஊதிய துகள்கள் உடைந்து சாஸ் மறுபடி நீர்க்கும். பழத்தின் அமிலம் ஸ்டார்ச் இழைகளை அறுத்து அந்த இளக்கத்துக்குத் துணைபோகும்.

பதத்தை அடுப்பில் இருக்கும்போது கணிக்க முடியாது, ஆறும்போது இன்னும் கெட்டிப்படும். சிறு எவர்சில்வர்த் தட்டு ஒன்றை முன்பே ஃப்ரீசரில் வைத்திருங்கள். அதில் ஒரு சொட்டு விட்டு, நடுவே விரலால் கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் அரை நிமிடம் கொதிக்கட்டும். மெல்ல, தயங்கித் தயங்கி மூடினால் பதம் சரி.

நிறத்தின் வேதியியல்

அடுப்பை அணைத்தபின் எலுமிச்சைச் சாற்றை விடுங்கள், கண்ணெதிரே நிறம் மாறும். மங்கலான கருநீலம் ஒளி பெற்றுச் செவ்வூதாவாகும். ப்ளூபெர்ரியின் நிறமிகள் ஆந்தோசயனின் குடும்பத்தைச் சேர்ந்தவை. புளிப்பில் சிவக்கும், புளிப்பு குறையக் குறைய ஊதாவும் நீலமுமாகும், காரத்தில் பச்சையை நோக்கிப் போகும். சங்குப்பூ ஊறிய நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாவதும் இதே குடும்பத்தின் குணம். சமையல் சோடா கலந்த பேன்கேக் மாவில் ப்ளூபெர்ரியைப் போட்டால் பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றும். கெட்டுப்போனதல்ல, சோடாவின் காரம்தான் காரணம். சாஸைச் சுட்ட பேன்கேக்கின் மேல் பரிமாறும்போது ஊற்றினால் இந்தச் சிக்கல் அநேகமாக எழுவதில்லை.

ஜெர்மன் வேதியியலாளர் ரிச்சர்ட் வில்ஷ்டெட்டர், பூக்களின் நிறமிகளை 1910-களில் ஆராய்ந்து, நீலக் கார்ன்ஃப்ளவர் பூவிலும் சிவப்பு ரோஜாவிலும் இருப்பது ஒரே அடிப்படை நிறமி என்று கண்டார். தாவர நிறமிகள், குறிப்பாகப் பச்சையம் குறித்த ஆய்வுகளுக்காக 1915-ல் நோபல் பரிசு பெற்றார். வேறுபாடு செல்சாற்றின் புளிப்பால் வருகிறது என்பது அவர் கருத்து. 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கார்ன்ஃப்ளவர் நிறமியின் முழு அமைப்பைப் படம்பிடித்தபோது, அதன் நீலத்துக்குள் இரும்பு, மக்னீசியம், கால்சியம் அயனிகள் நிறமியோடு பிணைந்திருப்பது தெரிந்தது. பூவின் வண்ணத்தைப் புளிப்பு மட்டுமல்ல, உலோகமும் தீர்மானிக்கிறது.

எவர்சில்வர் பாத்திரம் வேண்டும் என்றது இதனால்தான். இரும்புச் சட்டியிலோ பூச்சில்லாத அலுமினியப் பாத்திரத்திலோ காய்ச்சினால், பழத்தின் அமிலம் உலோகத்தைக் கொஞ்சம் கரைக்கும். கரைந்த அயனிகள் ஆந்தோசயனினோடு பிணைந்து சாஸை மங்கிய நீலச்சாம்பல் நிறத்துக்குத் தள்ளும். நாவில் உலோகச் சுவையும் தட்டும்.

மணத்துக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். பழத்தின் மணம் எளிதில் ஆவியாகும் மூலக்கூறுகளால் ஆனது. சாஸ் கொதிக்கும்போது வீடெல்லாம் மணக்கிறது என்றால், அந்த மணம் பாத்திரத்தில் இல்லை என்று பொருள். மூடியைப் போட்டு உருக்குவதும், குறைந்த நேரம் கொதிக்கவிடுவதும், எலுமிச்சையைக் கடைசியில் சேர்ப்பதும் மணத்தைக் காப்பாற்றும் வழிகள். 300 கிராமில் ஒரு கைப்பிடிப் பழத்தை எடுத்துவைத்து, மாவுக் கரைசலுக்குச் சற்று முன் சேர்த்து, அவையும் ஒரு நிமிடம் கொதிக்கும்படி செய்யலாம். சாஸில் முழுப் பழங்களும் தென்படும், மணமும் மிஞ்சும்.

அந்த ஒரு நிமிடக் கொதி

கடைசிப் பழத்தையும் ஏன் கொதிக்கவிட வேண்டும்? ஃப்ரீசர் கிருமிகளைப் பெருகவிடாமல் தடுக்கும்; கொல்லாது. வைரஸ்களுக்கோ உறைநிலை பாதுகாப்பான இருப்பிடம். 2012-ல் கிழக்கு ஜெர்மனியின் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் சுமார் 11,000 பேர் வயிற்றுப்போக்கும் வாந்தியுமாக நோயுற்றார்கள். இறக்குமதி செய்யப்பட்ட உறைந்த ஸ்ட்ராபெர்ரியில் இருந்த நோரோவைரஸ்தான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸும் உறைந்த பெர்ரிகள் வழியே பரவியிருக்கிறது. வயலில் பாயும் அசுத்தமான நீரோ, பறிப்பவரின் கையோ அதற்கு மூலம். மென்மையான இந்தப் பழங்களைத் தேய்த்துக் கழுவவும் முடியாது. இதனால் டென்மார்க், ஸ்வீடன் போன்ற நாடுகளின் உணவுத் துறைகள், இறக்குமதியான உறைந்த பெர்ரிகளை ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்தபின் உண்ணச் சொல்கின்றன. மாவு வேகத் தேவைப்படும் அதே ஒரு நிமிடம் இதற்கும் போதும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதில் சமரசம் வேண்டாம்.

ஆறிய சாஸைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். ஜாமைக் காப்பது அதன் சர்க்கரை; சாஸுக்கு அந்தக் காவல் இல்லை. மாதக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் சோள மாவு சேர்க்காமல் ஃப்ரீசரில் வையுங்கள். மாவு சேர்த்த சாஸ் உறைந்து உருகும்போது ஸ்டார்ச் இழைகள் நெருங்கி இறுகி, நீரைப் பிழிந்து விட்டுவிடும். சாஸ் திரிந்து நிற்கும். தேவைப்படும் அன்று கொதிக்கவைத்து மாவைச் சேர்ப்பதே நல்லது.

பழம் மாறினால் சிறு மாற்றங்கள் போதும். ராஸ்பெர்ரியில் விதை அதிகம், கொதித்ததும் சல்லடையில் வடிகட்ட வேண்டும். ஸ்ட்ராபெர்ரியின் சிவப்பு சூட்டில் சீக்கிரம் மங்கும், கொதியை ஒரு நிமிடத்தோடு நிறுத்த வேண்டும். நம் ஊரில் இந்த முறைக்கு மிகப் பொருத்தமானது நாவல் பழம். நாக்கை ஊதாவாக்கும் அதன் சாயமும் ஆந்தோசயனின்தான். ஆனி, ஆடியில் தெருவெங்கும் வந்து, சில வாரங்களில் மறைந்துபோகிற பழம் அது. கழுவித் துடைத்து, கீறிக் கொட்டையை எடுத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவையுங்கள். கல்லானதும் பைக்கு மாற்றுங்கள். துவர்ப்பு மிகுதி என்பதால் சர்க்கரை ஒரு கரண்டி கூட வேண்டியிருக்கும். மற்றதெல்லாம் மேலே சொன்ன வரிசைதான். வீட்டு ஃப்ரீசரின் மெதுவான குளிர் பழத்தை நன்றாக உடைத்துத் தரும்; கார்த்திகையிலும் தையிலும் நாவல் சாஸ் காய்ச்ச அதுவே போதும்.